மத்தியதரைக்கடல் துறவி சீல், பார்பரி குரங்கு: ஓர் ஒப்பீடு

மத்தியதரைக்கடலையும் அதனைச் சுற்றியுள்ள மலைகளையும் வாழிடமாகக் கொண்ட இரு அரிய பாலூட்டிகள் துறவி சீல், பார்பரி குரங்கு. மனிதர்களின் செயல்களால் எண்ணிக்கையில் பெரிதும் குறைந்த இவ்விரண்டில், சீல் மெல்ல மீண்டு வருகிறது. குரங்கு இன்னும் ஆபத்திலிருந்து விடுபடவில்லை.

உடலமைப்பு

துறவி சீல் ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்தது. வளர்ந்த சீல் சுமார் 2.4 மீட்டர் நீளமும் 250 முதல் 300 கிலோ எடையும் கொண்டது. துடுப்பு போன்ற கால்கள் நீந்துவதற்கு உதவுகின்றன. மீன்களும் ஆக்டோபஸ்களும் இதன் முக்கிய உணவு.

பார்பரி குரங்கு, தென்னிந்தியாவின் சிங்கவால் குரங்கு இடம்பெற்றுள்ள மக்காக்கா பேரினத்தைச் சேர்ந்தது. இப்பேரினத்தில் ஆசியாவுக்கு வெளியே இயற்கையாக வாழும் ஒரே இனம் இதுவே. ஆண் குரங்கின் எடை சுமார் 15 கிலோ. வால் பெயரளவுக்கே உண்டு. அடர்ந்த உரோமம் மலைப்பகுதியின் பனிக்காலக் குளிரைத் தாங்க உதவுகிறது. பழம், இலை, விதை, பூச்சி ஆகியவற்றை உண்கிறது.

வாழிடமும் குட்டிகளும்

கிரீஸ், துருக்கி, சைப்ரஸ் கடற்கரைகளிலும், அட்லாண்டிக்கில் மதீரா தீவுகள், மேற்கு ஆப்பிரிக்காவின் கபோ பிளாங்கோ பகுதியிலும் சீல்கள் வாழ்கின்றன. முன்பு திறந்த மணற்கரைகளில் ஓய்வெடுத்த இவை, மனித நடமாட்டத்தால் கடற்குகைகளில் ஒதுங்கின. அங்கு ஈனப்படும் குட்டிகள் புயல் அலைகளில் அடித்துச் செல்லப்படும் ஆபத்து உள்ளது.

குரங்குகள் மொராக்கோ, அல்ஜீரியா நாடுகளின் மலைக்காடுகளில் கூட்டமாக வாழ்கின்றன. ஐரோப்பாவில் ஜிப்ரால்டரில் மட்டுமே இவை சுதந்திரமாகத் திரிகின்றன. குட்டிகளை ஆண் குரங்குகளும் சுமந்து பராமரிப்பது இவ்வினத்தின் சிறப்பு. இரு இனங்களும் பொதுவாக ஒரு பிரசவத்தில் ஒரே குட்டியை ஈனுவதால், இழப்பை ஈடுசெய்ய நீண்ட காலமாகிறது.

அச்சுறுத்தல்கள்

வலைகளைச் சேதப்படுத்துவதாகக் கருதி மீனவர்கள் சீல்களைக் கொன்றனர். பல சீல்கள் வலைகளில் சிக்கியும் இறந்தன. 1997ஆம் ஆண்டு கபோ பிளாங்கோவில் ஏற்பட்ட பேரிழப்பில் அங்கிருந்த சீல்களில் பெரும்பகுதி மடிந்தது. குரங்குகளுக்குக் காடழிப்பும், செல்லப்பிராணி வணிகத்துக்காகக் குட்டிகளைப் பிடிப்பதும் பெரும் சவால்களாக உள்ளன.

பாதுகாப்பு நிலை

கிரீஸ் 1992ஆம் ஆண்டு அலோனிசோஸ் பகுதியில் கடல்சார் தேசியப் பூங்காவை அமைத்தது. இதுபோன்ற பாதுகாப்பு நடவடிக்கைகளின் பயனாக, மிக அருகிய இனமாக இருந்த துறவி சீல், இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் செம்பட்டியலில் 2015ஆம் ஆண்டு அருகிய இனமாகவும், 2023ஆம் ஆண்டு அழிய வாய்ப்புள்ள இனமாகவும் மாற்றப்பட்டது. எனினும் எஞ்சியிருப்பவை சில நூறு மட்டுமே.

பார்பரி குரங்கு 2008ஆம் ஆண்டு முதல் அருகிய இனமாக உள்ளது. 2016ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கில் நடைபெற்ற சைட்ஸ் மாநாட்டில், இதன் சர்வதேச வணிகத்துக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடு விதிக்க முடிவு செய்யப்பட்டது. கட்டுப்பாடு காகிதத்தில் மட்டும் நின்றுவிடாமல், காடுகளிலும் எல்லைச் சோதனைகளிலும் செயல்படுத்தப்பட்டால் மட்டுமே இக்குரங்கும் சீலைப் போல மீண்டுவர வழி பிறக்கும்.