திப்புவின் கூடாரமும் பசைக் கறையும்

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் மாண்டார். அதைத் தொடர்ந்த கொள்ளை குறித்து எழுதியோர் பலர். எனினும் அவ்வெழுத்துகளில் அரியணைப் புலித்தலைக்கும் வாளுக்கும் கிட்டும் இடம் துணிக்குக் கிட்டுவதில்லை. அன்று கைமாறியவற்றுள் படைமுகாமுக்குரிய கூடாரம் ஒன்றும் இருந்தது. அப்போது சென்னை ஆளுநராயிருந்த எட்வர்ட் கிளைவின் குடும்பத்தார் வழியாக அது வேல்ஸ் நாட்டுப் பவிஸ் கோட்டையை அடைந்தது. போர்முனைக்கென எழுந்த அத்துணி, பின்னாளில் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாயிற்று.

அது சீட்டித் துணி. வெண்ணிறப் பின்னணியில் பூச்சாடிகள். காலம் ஏறத்தாழ 1725-1750 எனக் கணிக்கப்படுகிறது. அஃதாவது திப்பு பிறப்பதற்கு முந்தைய நெசவு. ஆகவே ‘திப்புவின் கூடாரம்’ என்ற பெயர் உடைமையைக் குறிக்கிறதே அன்றி உருவாக்கத்தைக் குறிப்பதன்று. சீட்டியின் சிவப்பு, படிகாரம் ஏற்றிய நூலில் வேர்ச்சாயம் பற்றுவதால் வருவது. அது எளிதில் நீங்காது. கறுப்புக் கோடுகள் அப்படியல்ல. அவற்றில் உள்ள இரும்பு காலப்போக்கில் பருத்தியை அரிக்கிறது. பழஞ்சீட்டிகளில் முதலில் உதிர்வன அக்கோடுகளே.

இத்தகைய நைந்த துணியில் ஊசியேற்றினால் புதிய துளைகள் விழும். இவ்வச்சத்தால் 1950, 60களில் ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பசையை நாடின. பாலிவினைல் அசிடேட் முதலிய செயற்கைப் பசைகளை மெல்லிய பட்டு வலையில் பூசி, இளஞ்சூட்டில் துணியின் பின்புறம் ஒட்டினர். படைக்கொடிகள் பல இவ்வாறு ‘காப்பாற்றப்பட்டன’. அன்றைய நிலையில் அது மூடத்தனமன்று. வேறு வழி அரிதாகவே இருந்தது. ஆயினும் சில பத்தாண்டுகளில் பசை மஞ்சளித்தது, விறைத்தது, தூசியைப் பற்றிக்கொண்டது.

தமிழில் ‘பசை’ ஒட்டும் பொருளோடு ஈரத்தையும் அன்பையும் செல்வத்தையும் சுட்டும். பாதுகாப்பாளர் கையில் எஞ்சுவது முதற்பொருள் மட்டுமே.

ரப்பர்ப் பசை கொண்ட ஒட்டுநாடா இன்னும் கொடியது. காற்றுப் பட்டு அது முதலில் இளகி இழைக்குள் ஊறும். பின்னர்ப் பழுப்பேறி இறுகும். இளகிய நிலையில் கரைப்பான் வேலை செய்யும். இறுகியபின் மூலக்கூறுகள் தம்முள் பிணைந்துவிடுவதால் பசை கரையாது, வீங்க மட்டுமே செய்யும். அவ்வாறு வீங்கச் செய்து, மழுங்கிய தகட்டால் சிறிது சிறிதாக வழித்தெடுப்பதே வழி. அசிட்டோனை நேரே ஊற்றினால் கரைந்த பசை இழைக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். ஆகவே கீழே உறிஞ்சுதாள் வைத்து, மேலே கூழ்வடிவக் கரைப்பானையோ கரைப்பானின் ஆவியையோ பயன்படுத்துவர். சாயம் கசிகிறதா என முதலில் தையல் மடிப்பில் ஓரிழையில் பார்த்தாக வேண்டும். சூடேற்றிச் சுரண்டும் வீட்டுமுறை இங்கே ஆகாது.

இதற்கும் மேலாக ஒரு சிக்கல் உண்டு. கொள்ளைத் துணிகளில் ஒட்டப்பட்ட காகிதச் சீட்டும் ஏல எண்ணும் சில வேளைகளில் அப்பொருள் எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றது என்பதற்கான ஒரே சான்று. சீட்டு உதிர்ந்தபின், அது இருந்த இடத்தைக் காட்டுவது கறை மட்டுமே. ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பொருள்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்ற விவாதம் இன்றும் ஓயாத நிலையில், கறையைத் துடைப்பது தூய்மைப்படுத்தல் மட்டுமன்று. ஆதலின் துடைக்குமுன் அதன் இடம், அளவு, நிறம் ஆகியவற்றைப் படமெடுத்துப் பதிய வேண்டும். பிரித்த சீட்டைத் தனி உறையில் பொருளோடு வைக்க வேண்டும். துணிக்கு ஊறு செய்யாத கறையை அப்படியே விடவும் துணிய வேண்டும்.