ஜாகீர் மலையும் பள்ளிக்கூடமும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து, கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் ஏறுகிற சாலையில் இன்று பேருந்தில் போகிற ஒருவர், தாம் ஏறும் மலை தேசம் சுதந்திரம் அடைந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வரையில் சில குடும்பங்களின் பரம்பரைப் பாத்தியதையாக இருந்தது என்று சொன்னால் எளிதில் நம்பமாட்டார். பாடப்புத்தகங்களில் ஜமீன் ஒழிப்பு என்பது ஐம்பதுகளிலேயே முடிந்துபோன காரியம். கல்வராயன் மலையிலோ அது 1976 வரை, அதாவது நெருக்கடி நிலையின் காலம் வரை, முடியவில்லை.

சடைய கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரிய கவுண்டன் என்னும் பெயர்களால் வழங்கிய மூன்று ஜாகீர்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் தங்கள் முன்னோருக்கு அளித்த மலை இது என்பது அந்தக் குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லிவந்த வரலாறு. மலையின் குடிகளான மலையாளிகளோ, தங்களைக் காராளர் என்று சொல்லிக்கொண்டு, காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து இந்தக் காடுகளில் குடியேறியவர்கள் தங்கள் மூதாதையர் என்ற கதையைப் பேரப்பிள்ளைகளுக்குக் கூறிவந்தார்கள். ஒரு தரப்பாருக்கு ராஜ தானம் ஆதாரம். மற்றவர்களுக்கு நினைவு மட்டுமே ஆதாரம். இவ்விரண்டில் எது கச்சேரியில் செல்லும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சாமையும் தினையும் விதைத்து, கடுக்காயும் புளியும் பொறுக்கி வாழ்ந்த குடியானவன், ஏர் ஒன்றுக்கு இவ்வளவு, கொத்து ஒன்றுக்கு இவ்வளவு என்று ஜாகீர்தாருக்கு வரி செலுத்தினான். கூப்பிட்டபோது கூலியின்றி வேலையும் செய்தான். அவன் தலைமுறை தலைமுறையாக உழுத மண்ணுக்கு அவன் பேரில் பட்டா கிடையாது. சமவெளியில் ஒரு கிராமத்தார் பள்ளிக்கூடம் வேண்டுமென்று விரும்பினால், ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் புஞ்சையில் பத்து சென்ட் எழுதிக்கொடுப்பார். பிறகு கூரையும் வாத்தியாரும் எப்படியாவது வந்து சேரும். தமிழ்நாட்டின் எத்தனையோ ஆரம்பப் பாடசாலைகளின் பூர்வகதை இதுதான். எழுதிக்கொடுக்க ஒரு சாண் நிலமும் தன் பெயரில் இல்லாத மலைக்குடி, எந்த நிலத்தை எழுதிக்கொடுப்பான்?

நிலத்தின் மேல் அதிகாரம் உடையவன் எவனோ அவனே பள்ளிக்கூடத்தின் ஆயுளையும் நிர்ணயிக்கிறான் என்பதற்கு, இதைவிடக் கொடிய உதாரணம் பாலஸ்தீனத்தில் இருக்கிறது. பெத்லகேமுக்குக் கிழக்கே, ஹெரோதியம் குன்றின் அடியில் உள்ள ஜுப்பத் அத்-தீப் என்னும் சிற்றூரில், புதிய கல்வியாண்டு தொடங்குவதற்கு முந்தைய நாளான 2017 ஆகஸ்டு 22 அன்று, இஸ்ரேலியப் படையினர் வந்து வகுப்பறைகளாக நிறுத்தியிருந்த தகரக் கூண்டுகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊரார் மறுபடியும் எழுப்பிய அந்தப் பள்ளி, 2023 மே 7 அன்று இடிக்கப்பட்டது. அநுமதியில்லாத கட்டடம் என்பதே சொல்லப்பட்ட காரணம். அந்த அநுமதியைத் தருகிறவர் யார்? 1967இல் மேற்குக் கரையைப் பிடித்த ராணுவ நிர்வாகம், 1971இல் பிறப்பித்த 418ஆம் எண் ஆணையால், கட்டட விஷயங்களில் கிராமங்களுக்கு இருந்த ஸ்தல அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு, 1940களில் பிரிட்டிஷ் அதிகாரிகள் வரைந்து, பெரும்பகுதியை விவசாய நிலம் என்று குறித்துவைத்த வரைபடங்களைக் காட்டியே விண்ணப்பங்களை நிராகரிப்பது வழக்கமாயிற்று. மேற்குக் கரையில் ஏறத்தாழ அறுபது சதவீத நிலம் இத்தகைய ஆட்சியின் கீழ் இருக்கிறது. அந்நியப் படையின் ஆக்கிரமிப்பையும் உள்நாட்டு ஜாகீரையும் ஒரு தராசில் நிறுப்பது நியாயமாகாது. கல்வராயனில் யாரும் பள்ளியை இயந்திரம் கொண்டு இடிக்கவில்லை. ஆனால் ஊரின் மண்ணைப்பற்றி ஊரைக் கேட்காமல் முடிவு செய்யும் முறை இரண்டு இடத்துக்கும் பொது.

1976க்குப் பின் மலைக்குச் சர்க்கார் வந்தது. ஜாகீர்தார் போன இடத்தில் வனத்துறையும் ஒரு கணிசமான எஜமானாக நிலைபெற்றது. 1980இல் வந்த வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், காட்டு நிலத்தில் எதைக் கட்டுவதற்கும் தில்லியின் சம்மதம் தேவைப்பட்டது. ஊர்கள் சரிவுகளில் சிதறிக் கிடப்பதாலும், பெற்றோர் பலர் குடகின் காப்பித் தோட்டங்களுக்குப் பருவந்தோறும் வேலைக்குப் போவதாலும், இன்னாடு முதலிய ஊர்களில் அமைந்த உண்டு உறைவிடப் பள்ளிகளே மலைப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆதாரமாயின. இடநெருக்கடி உள்ள இப்படிப்பட்ட விடுதிப் பள்ளிகளில் விடிந்ததும் நடப்பது ஒன்று உண்டு: இரவு படுத்த பாயைச் சுருட்டி, பூட்டுப் போட்ட தகரப் பெட்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அதே தரையில் உட்கார்ந்து பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லத் தொடங்குவார்கள். அந்தப் பெட்டிக்குள் மாற்றுத்துணியும் புத்தகமும் தவிர, வீட்டிலிருந்து வந்த வறுத்த தின்பண்டமும் ஒளிந்திருக்கும். சிறு வயதிலேயே தாய்தந்தையரைப் பிரிந்திருப்பதைக் கல்வியின் கிரயமாக வைத்த ஏற்பாடு எனக்கு முழு உடன்பாடானது அன்று. ஆயினும் அது இல்லாவிடில் அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தே வாய்த்திராது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்த வழக்கில் ஒரு திருப்பம். அதன் 3(2)ஆம் பிரிவு, காட்டு நிலத்தை விட்டுக்கொடுக்கத்தக்க 13 வகைப் பொதுக் காரியங்களை வரிசைப்படுத்துகையில், முதலாவதாகப் பள்ளிக்கூடத்தையே வைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது, கிராம சபையின் பரிந்துரை கட்டாயம் என்பவை நிபந்தனைகள். ராணுவ ஆணை பாலஸ்தீன ஊர்களிடமிருந்து பறித்ததை, இந்தச் சட்டம் மலையூர்களுக்கு ஓரளவேனும் கொடுத்திருக்கிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, வெள்ளிமலையில் தாலுகா அலுவலகமும் வந்துவிட்ட இக்காலத்தில், ஊரார் கூடித் தீர்மானம் எழுதி வன அலுவலரிடம் கொடுப்பதற்குச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. அப்படி ஒரு பிரிவு இருப்பதை மலையூர்களுக்குப் போய்ச் சொல்வதற்குத்தான் ஆட்கள் போதவில்லை.