கட்சித் தாவல் (ஜொகூர்)

மக்கள் வாக்களித்த அணியை விட்டு, பதவிக் காலத்திலேயே எதிரணிக்கு மாறுவது கட்சித் தாவல் எனப்படும். மலேசியாவில் இப்படித் தாவுவோரைத் 'தவளை' என்பர்.

2018 மே 9 தேர்தலில், 56 இடங்கள் கொண்ட ஜொகூர் மாநிலச் சட்டமன்றத்தில் நம்பிக்கைக் கூட்டணி (பாக்காத்தான் ஹராப்பான்) 36 இடங்களை வென்றது. சுதந்திரத்துக்குப் பிறகு, தேசிய முன்னணியின் முதன்மைக் கட்சியான அம்னோ அங்கு ஆட்சியை இழந்தது அதுவே முதன்முறை. 2020 பிப்ரவரியில், நம்பிக்கைக் கூட்டணியின் உறுப்புக் கட்சியான பெர்சத்து அதிலிருந்து விலகியது. பிப்ரவரி 28-இல் அம்னோவின் ஹஸ்னி முகமட் மந்திரி பெசார் (மாநில முதல்வர்) ஆனார். ஒரு வாக்குச்சீட்டுகூட விழாமல் ஆட்சி கைமாறியது.

பெர்சத்து தலைவர் முகிதீன் யாசின் ஜொகூரின் பாகோ தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர். 1எம்டிபி அரசு முதலீட்டு நிதி முறைகேட்டு விவகாரத்தில் கேள்வி எழுப்பி, 2016-இல் அம்னோவிலிருந்து நீக்கப்பட்டவர். 2020 மார்ச் 1-இல் அதே அம்னோவின் ஆதரவுடன் பிரதமரானார். நம்பிக்கைக் கூட்டணித் தலைவர் அன்வார் இப்ராஹிமும் வேண்டாம், அதன் உறுப்புக் கட்சியான ஜசெகவும் (ஜனநாயக செயல் கட்சி) வேண்டாம் என்று முழங்கிய அம்னோவும், 2022 நவம்பரில் அன்வார் தலைமையிலான அரசில் இணைந்தது.

2022 மார்ச் 12 ஜொகூர் தேர்தலில் தேசிய முன்னணி 40 இடங்களைப் பெற்றது. வாக்களித்தவர்களோ சுமார் 55 விழுக்காட்டினரே.

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கான கட்சித் தாவல் தடைச் சட்டம் 2022 அக்டோபர் 5-இல் நடப்புக்கு வந்தது. தனியொருவர் தாவினால் பதவி பறிபோகும். ஒரு கட்சியே அணி மாறினால் அதைச் சட்டம் தடுக்காது. கொள்கையை மாற்றும் கட்சி மக்களிடம் மீண்டும் வாக்குக் கேட்பதே நேர்மை.