வாசல்வரை வந்த அரசு: பெருந்தொற்றும் தமிழ்நாட்டில் வீட்டு முதியோர் பராமரிப்பும்

படுக்கையை விட்டு எழ முடியாத முதியவரை வீட்டில் வைத்துப் பார்ப்பதில் இரண்டு வகை உழைப்பு இருக்கிறது. மருந்து, ஊசி, புண்ணுக்குக் கட்டு, இயன்முறைப் பயிற்சி ஆகியவை மருத்துவக் கவனிப்பு. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மலசலம் எடுப்பது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, இரவில் கூப்பிட்ட குரலுக்கு எழுவது ஆகியவை அன்றாட உடற்கவனிப்பு. 2020இல் பரவிய கொரோனா இரண்டையும் ஒருசேர உலுக்கியது. அதன்பின் முதலாவதில் கணிசமான பங்கைத் தமிழ்நாடு அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இரண்டாவதோ குடும்பத்துப் பெண்களிடமும் பதிவோ பாதுகாப்போ இல்லாத கூலிப் பெண்களிடமுமே தங்கிவிட்டது. இந்தப் பிரிவினை உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெருந்தொற்றுக்கு முந்தைய நிலை

1918ஆம் ஆண்டின் இன்ஃபுளூவன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்டோர் அதில் மிகுதியாக இறந்தனர். ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாக மடிந்தனர். வீட்டில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தவர்கள் பெண்களே என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அன்று பராமரிப்பவர்கள் மாண்டார்கள். நூறாண்டு கழித்து வந்த தொற்றில் பேராபத்து முதியோருக்கு இருந்தது. பராமரிக்க வந்தவரே நோயைக் கொண்டுவரக்கூடும் என்ற அச்சம் வீடுகளுக்குள் புகுந்தது.

இடைப்பட்ட காலத்தில் அரசு முதியோருக்குச் செய்தவை பெரும்பாலும் பணமாகவும் சட்டமாகவும் அமைந்தன. 1962இல் சென்னை மாநிலத்தில் மாதம் 20 ரூபாயுடன் முதியோர் உதவித்தொகை தொடங்கியது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெற வழிசெய்தது. பிள்ளைகள் கைவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அச்சட்டம் விடை சொன்னது. கைவிடாத பிள்ளைகள் பராமரிப்பைத் தனியே எப்படிச் சுமப்பார்கள் என்பது அதன் கவலையாக இருக்கவில்லை. பணிவிடையில் பெரும்பங்கைச் சுமக்கும் மருமகளுக்கு அதன் வரையறையில் இடமே இல்லை.

மக்கள்தொகையோ வேகமாக முதுமை அடைந்துகொண்டிருந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2021க்கான மதிப்பீடு 13.6 விழுக்காடு. பிள்ளைகள் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வேலை பார்க்க, அந்த இடத்தை ஏஜென்சி வழியாக வரும் ஹோம் நர்ஸ்களும் ஆயாம்மாக்களும் நிரப்பினார்கள். வீட்டுப் பணியாளர்களுக்கென 2007இல் தமிழ்நாட்டில் நல வாரியம் அமைந்தது. ஆனால் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பணிக்கெனத் தனித் தகுதியோ வேலை நேர வரம்போ உருவாகவில்லை.

2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு இச்சுமையின் அளவைக் காட்டுகிறது. வீட்டாருக்கான ஊதியமில்லாப் பராமரிப்பில் ஈடுபட்ட பெண்கள் அதற்கென நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 76 நிமிடம். சமையல், துவைத்தல் போன்ற வீட்டு வேலைகளில் பெண்கள் 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். பெருந்தொற்று வந்து விழுந்தது இந்தத் தோள்களின் மீதுதான்.

2020: கதவு அடைபட்ட காலம்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. வேறு தெருவிலிருந்து நடந்தோ பேருந்திலோ வந்துபோன பராமரிப்பாளர்களின் வருகை நின்றது. முதியோரை அவர்கள் வீட்டிலேயே கவனித்துக்கொள்வோருக்கு ஊரடங்கிலிருந்து விலக்கு உண்டு என்று மத்திய உள்துறை அமைச்சகம் தெளிவுபடுத்தியது ஏப்ரல் 21 அன்றுதான். ஏறத்தாழ நான்கு வாரங்கள் இவர்கள் அத்தியாவசியப் பணியாளராகக் கருதப்படவில்லை. பக்கவாதம் வந்த ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வரும் ஆபத்து இருக்கும்போது, நான்கு வாரம் என்பது மிக நீண்ட காலம்.

தங்கி வேலை பார்த்தவர்களுக்கு வேறு விதமான நெருக்கடி. வீட்டுக்குப் போனால் திரும்ப வர முடியாது, இருந்தால் சொந்தப் பிள்ளைகளைப் பார்க்க முடியாது. ஆள் வராத வீடுகளில் அந்த வேலை மகளுக்கும் மருமகளுக்கும் வந்து சேர்ந்தது. பள்ளிகள் மூடி, ஆண்களும் வீட்டிலிருந்த காலத்தில் சமையலும் துவையலும் ஏற்கெனவே பெருகியிருந்தன. வெளிநாட்டிலிருந்த பிள்ளைகளால் வர இயலவில்லை. 2020 மார்ச் இறுதியில் நின்ற வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து 2022 மார்ச் 27 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. பணம் அனுப்ப முடிந்தது, வீடியோவில் முகம் பார்க்க முடிந்தது. தூக்கி உட்கார வைக்க ஆள் அனுப்ப முடியவில்லை.

அரசின் விதிகளும் குடும்பத்தை நம்பியே எழுதப்பட்டன. வீட்டுத் தனிமைக்கான மத்திய சுகாதார அமைச்சக வழிகாட்டி, இருபத்து நான்கு மணி நேரமும் ஒரு பராமரிப்பாளர் உடனிருக்க வேண்டும் என நிபந்தனை விதித்தது. அவர் யார், தன் வேலையை விட்டுவிட்டு இருந்தால் ஈடு என்ன என்பதற்கு அதில் விடை இல்லை. உச்சநீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 4 அன்று, ஓய்வூதியம் தவறாமல் கிடைக்கவும் தனித்து வாழும் முதியோருக்கு மருந்தும் அத்தியாவசியப் பொருள்களும் சென்று சேரவும் உத்தரவிட்டது.

2021: மருந்து வீடு தேடி வந்தது

தொலைமருத்துவ வழிகாட்டி 2020 மார்ச் 25 அன்றே வெளியானது. இ-சஞ்சீவனி இணையவழி ஆலோசனையைத் தொடக்க மாதங்களில் மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலம் தமிழ்நாடு. ஆனால் மாதந்தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்குவோர்க்கு ஆலோசனை மட்டும் போதவில்லை. 2020இல் மாநிலத்தில் தொற்றா நோய்கள் பற்றி நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வின்படி, உயர் இரத்த அழுத்தம் உள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு உள்ளோரில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது.

இப்பின்னணியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் மாத்திரைகளை வீட்டிலேயே கொடுத்தார்கள். நோய் ஆதரவு செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் படுக்கையிலிருப்போரைத் தேடிச் சென்றார்கள். வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு அதற்கான பைகளும் போய்ச் சேர்ந்தன. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிநிவாரண இயக்கமும், 2008இல் கேரள அரசு வகுத்த கொள்கையும் இவ்வகைச் சேவைக்கு அண்டை மாநிலத்தில் முன்னோடியாக இருந்தன. 2022 டிசம்பரில் திருச்சி மாவட்டம் சன்னாசிப்பட்டியில் ஒரு கோடியாவது பயனாளியை இத்திட்டம் எட்டியது, 2024இல் ஐ.நா. விருதும் பெற்றது.

தடுப்பூசியிலும் இதே தேவை வெளிப்பட்டது. அறுபது வயதைக் கடந்தோருக்கு 2021 மார்ச் 1 அன்று தடுப்பூசி தொடங்கியது. நடமாட இயலாதோருக்கு வீட்டுக்கே சென்று போடலாம் என மத்திய அரசு அறிவித்தது செப்டம்பர் 23 அன்று. யாருக்கு வெளியே வர முடியாதோ அவர்களே கடைசியில் நினைக்கப்பட்டார்கள்.

மாறாமல் நின்றது எது?

‘மக்களைத் தேடி மருத்துவம்’ தமிழ்நாட்டுப் பொது சுகாதார வரலாற்றில் பெரும் சாதனை. நோயாளி மருத்துவமனைக்கு வர வேண்டும் என்ற பழைய விதியை அது மாற்றியிருக்கிறது. ஆயினும் செவிலியர் போனபின் மிச்சமிருக்கும் நேரம் முழுவதும் பழைய ஏற்பாட்டிலேயே கழிகிறது. மருந்தை எடுத்துவரும் பெண்களும் நிரந்தரப் பணியாளர்கள் அல்லர், ஊக்கத்தொகை பெறுவோர்.

இங்கே தவறவிட்ட ஒரு வாய்ப்பைக் குறிப்பிட வேண்டும். பெருந்தொற்றுக்குச் சில மாதங்கள் முன்பு, 2019 டிசம்பரில், 2007ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. மருமகளையும் மருமகனையும் பிள்ளைகள் என்ற வரையறைக்குள் கொண்டுவந்ததோடு, வீட்டுப் பராமரிப்புச் சேவை தரும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தவும் அது முன்மொழிந்தது. அந்த ஒழுங்குமுறை எவ்வளவு தேவை என்பதைப் பெருந்தொற்று ஒவ்வொரு நாளும் காட்டியது. இருந்தும் மசோதா நிறைவேறவில்லை. 2024இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. வீட்டுப் பணியாளர் உரிமைகளுக்காக 2011இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 189ஆம் உடன்படிக்கைக்கும் இந்தியா இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை.

முடிவுரை

நோய்க்கான கவனிப்பு அரசின் கடமையாயிற்று. உடலுக்கான கவனிப்பு குடும்பத்தின் கடமையாகவே நீடிக்கிறது. முதியவரின் வாழ்வில் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. இரத்த அழுத்த மாத்திரை தவறாமல் கிடைத்தும், புரட்டிவிட ஆளில்லாமல் புண் வந்தால் அந்த மாத்திரையால் பயனில்லை.

ஆகவே அடுத்த கட்டம் தெளிவு. ஏஜென்சிகளுக்குப் பதிவு கட்டாயமாக வேண்டும். பராமரிப்புப் பணிக்குப் பயிற்சியும் குறைந்தபட்சக் கூலியும் வார விடுமுறையும் வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பெண், மாதத்தில் சில நாளாவது பொறுப்பை நம்பி ஒப்படைத்து ஓய்வெடுக்க மாற்று ஏற்பாடு வேண்டும். வீடுவீடாகச் செல்லும் தன்னார்வலர்களிடம் எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்ற விவரம் ஏற்கெனவே இருக்கிறது. அவரைப் பார்த்துக்கொள்பவர் யார், எத்தனை மணி நேரம் என்பதையும் அதே ஏட்டில் குறிக்கத் தொடங்கினால், அடுத்த தொற்று வரும் நாளில் யாருக்கு முதலில் உதவ வேண்டும் என்பதை அரசு தேட வேண்டியிராது.