தீயிலே வளர்ந்த பைன் காடு

காட்டில் தீ என்றாலே நமக்கு அடிவயிறு கலங்கும். ஆனால் தீ இல்லாவிட்டால் அழிந்துபோகிற காடும் உண்டு. அமெரிக்காவின் தென்பகுதியில், வர்ஜீனியா முதல் டெக்சாஸ் வரை ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கரில் நின்ற நீண்ட ஊசியிலைப் பைன் காடுதான் அது.

இந்தப் பைன் கன்று முளைத்ததும் உயர்ந்து வளராது. சில வருஷம் புல் குத்து மாதிரி தரையோடு கிடந்து, வேரை மட்டும் ஆழமாக இறக்கும். அப்போது தீ வந்தால் வெளியிலைதான் கருகும். நடுக்குருத்தை அடர்ந்த இலைக்கட்டு காத்துவிடும். போட்டிக்கு வருகிற மற்ற கன்றுகள் பொசுங்கிவிடும். பழுப்புப்புள்ளி நோய் பிடித்த இலைகளும் எரிந்து, நோய் மட்டுப்படும். விதை வேர்பிடிக்கவும் சருகு எரிந்த வெறும் மண்தான் வேணும்.

அங்கிருந்த பூர்வகுடிகளும், பின்னால் வந்து மாடு வளர்த்தவர்களும் காட்டுக்குத் தீ வைப்பது வழக்கம். இளம்புல் வரும், உண்ணி குறையும் என்பது மாட்டுக்காரர்கள் கணக்கு. படித்தவர்களோ அதை மூடப்பழக்கம் என்றார்கள். 1928-ல் அமெரிக்க வனவியல் சங்கம் லாரியில் சினிமா மெஷினை ஏற்றி, 'தீ வைக்காதே' என்று மூன்று வருஷம் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தது. எங்களைப்போல ஊருக்கு ஊர் போய்ப் புத்தி சொன்னவர்கள்தான் அவர்களும்! தீ நின்ற இடங்களில் என்ன ஆச்சு? சருகும் புதரும் மண்டின. பைன் கன்று நிழலில் மடிந்தது. பிறகு தப்பித்தவறித் தீ பிடித்தால், முன்னைவிட உக்கிரமாக எரிந்தது.

யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாப்மன், 1931-ல் காடை பற்றிப் புத்தகம் எழுதிய ஸ்டாடர்ட் போன்றவர்கள் ஆராய்ந்து, மாட்டுக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றார்கள். மிசிசிப்பியில் மக்நீல் என்ற இடத்தில், எரித்த நிலத்தில் மேய்ந்த மாடு கூடுதல் எடை போட்டதை நிறுத்தே காட்டினார்கள். 1943-ல்தான் வனத்துறை தெற்கத்திக் காடுகளில் தீயை அனுமதித்தது. அதற்குள் மரவெட்டு பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. கடைசியில் சுமார் 30 லட்சம் ஏக்கர்தான் மிஞ்சியது.

இதைக் கேட்டு உங்கள் மலைச்சரிவில் தீக்குச்சி கிழித்துவிடாதீர்கள். அது வேறு மரம். அங்கேயும் கண்டபடி எரிப்பதில்லை. சுற்றிலும் மண்ணைக் கீறித் தடுப்புக்கோடு போட்டு, ஈரமும் காற்றும் பார்த்து, பல சமயம் காற்றை எதிர்த்துத் தீ வைக்கிறார்கள். தீ மெல்ல ஊர்ந்து வரும், உயர எழாது. புளோரிடாவில் 1990-ல் போட்ட சட்டப்படி, பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர் முறையான அனுமதியோடு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எரிக்கிறார். அந்தக் காட்டின் கம்பிப்புல்லும், கோடை தொடங்கும்போது தீ பட்டால்தான் நன்றாகப் பூத்து விதை பிடிக்கிறது.