மண் பறவையின் கண்

காஞ்சிபுரத்தில் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. பட்டுச் சேலையின் கரையில் அன்னமும் மயிலும் இருதலைப்பட்சியும் வரிசை கட்டி நிற்கின்றன. வரதராசப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துத் தூண்களில் ரதியும் மன்மதனும் பறவை வாகனமேறி அமர்ந்திருக்கிறார்கள். காமாட்சியின் கரும்பருகே கிளி. வைகாசி கருட சேவைக்கோ விடியுமுன்பே ஊர் திரண்டுவிடுகிறது. ஆனால் இவை ஏறக்குறைய எல்லாமே யாரையேனும் சுமப்பவை, அல்லது எதற்கேனும் அணியாக நிற்பவை. வெறும் பறவையாக, உள்ளங்கையில் அடங்கும் பறவையைத் தேடினால் சின்னக் காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெருவுக்குத்தான் போகவேண்டும்.

நவராத்திரிக் கொலுவுக்காகக் களிமண்ணிலும் காகிதக்கூழிலும் பொம்மை செய்யும் தெரு அது. இரண்டு பாதி அச்சுகளில் பொருளை அழுத்தி எடுத்து, ஒட்டி, உலர்த்தி, தேய்த்து, வெள்ளை பூசி, வண்ணம் தீட்டுகிறார்கள். கண் கடைசியில்தான் வரும். கற்சிலைக்குக் கண் திறக்கும் மரபின் எளிய வடிவம் இது. அதுவரை கூழாகவும் மண்ணாகவும் இருந்தது, தூரிகை தொட்டதும் கிளியாகிவிடுகிறது.

இங்கேதான் எனக்கு ஓர் ஐயம். அந்தக் கண் கிளியின் கண்தானா? மையிட்டு நீண்ட அந்தக் கண் பக்கத்துப் படியிலிருக்கும் லட்சுமியின் கண்ணேதான். அச்சுக்கும் அதற்கேயுரிய தயக்கங்கள் உண்டு. மெல்லிதாக நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் அச்சிலிருந்து பிரிக்கும்போதே ஒடியும். ஆகவே அலகு குறுகி, மார்போடு ஒட்டிவிடுகிறது.

அச்சில்லாமல் கையால் பறவை பிடித்தவர்கள் வேறு வழியில் போயிருக்கிறார்கள். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஹரப்பா நகரங்களில் சுடுமண் பறவை ஊதல்கள் கிடைத்துள்ளன. உள்ளே வெற்றிடம், ஊதுவதற்கு ஒரு துளை. கனத்த மண்ணுருண்டை சூளையில் வெடித்துவிடும் என்பதால் பொள்ளலாகச் செய்வது தொழில் தேவையும்கூட. ஆனால் பறவையும் உள்ளே வெற்றிடம் கொண்டதுதானே! அதன் எலும்புகள் பலவற்றில் காற்றறைகள் உண்டு.

கையால் பறவை செய்ய முனைபவர் விரைவிலேயே மண்டையோட்டுக்கு வந்து சேர்வார். இறகுகள் தலையைப் பற்றிப் பொய் சொல்கின்றன. அவற்றை நீக்கினால் எஞ்சுவது இரண்டு பெரிய கண்குழிகளும் ஓர் அலகும்தான். குழிக்குள் கண்ணைத் தாங்க எலும்புத் தகடுகளாலான ஒரு வளையம் இருக்கிறது. கண் அங்கே பெரும்பாலும் அசையாது. அதனால்தான் பறவை தலையையே திருப்பிப் பார்க்கிறது. கிளிக்கு மேலலகு மண்டையோட்டோடு கீல்போலப் பொருந்தி, தனியே அசையவும் செய்கிறது. எனவே மண்ணில் கட்டைவிரலால் முதலில் அழுத்தவேண்டியது கண்ணின் குழியை. பொம்மைத் தெருவில் இறுதியில் வருவது இங்கே தொடக்கத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

நம்மவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். காஞ்சிக்குத் தென்கிழக்கே உள்ள வேடந்தாங்கலில், ஏரிப் பறவைகளைச் சுடுவதற்கு எதிராக ஊர்மக்கள் முறையிட, 1798இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அவற்றுக்குக் காப்பளித்தார். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதே அவர்கள் கணக்கு. அந்த ஏரிக்கரைப் பறவைகளின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை. ஒன்றிலும் நிறமில்லை, கண்ணுமில்லை; அத்தனையும் அலகு. உழவன் பறவையை அதன் எலும்பால் அடையாளம் கண்டிருக்கிறான். கொலுப்படியோ அதைக் கண்ணால் கண்டது. ஒரே நாட்டில் இரண்டு பார்வைகளும் ஒன்றையொன்று தொடாமலே இருந்திருக்கின்றன என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பொம்மைக்காரர்களைக் குறை சொல்வதல்ல என் நோக்கம். கொலுக் கிளி பார்ப்பதற்கு மட்டுமன்றி, பார்க்கப்படுகிறோம் என்று நமக்குத் தோன்றுவதற்கும் வைக்கப்படுவது. அதற்கு மனிதக் கண்தான் வேண்டும்.

ஆனாலும் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்த கொலுவை அடுத்த ஆண்டு பிரிக்கும்போது முதலில் உடைந்திருப்பது அலகுதான். அலகில்லாத அந்தப் பச்சை உருவத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, பின்வரிசையில் வைப்பார்கள். கண் அப்படியே இருக்கும். கிளி என்று மட்டும் சொல்ல முடியாது.