இரண்டு டாலர் இருபது சென்ட்

நியூயார்க்கில் 55ஆம் தெருவில் மசூதி மாதிரி ஒரு கட்டடம் இருக்கிறது. மேலே ஓடு வேய்ந்த கும்மட்டம், உள்ளே அரபுக் கட்டடக்கலையைப் பார்த்துச் செய்த வண்ண ஓடுகள். 1920களில் ஷ்ரைனர்கள் என்ற சங்கத்தார் தங்கள் கூட்டங்களுக்காக 'மெக்கா டெம்பிள்' என்று பெயரிட்டுக் கட்டியது. பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது அவர்களால் வரி கட்ட முடியவில்லை. கட்டடம் மாநகராட்சியின் கைக்குப் போனது. கையில் வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மாநகராட்சிக்குத் தெரியவில்லை.

மேயர் ஃபியொரெல்லோ லாகார்டியாவுக்குத் தெரிந்தது. இத்தாலியக் குடும்பம். அப்பா ராணுவ பேண்டு வாத்தியக் குழுவின் தலைவர். மகனுக்கும் வாத்தியக் குழுவைக் கண்டால் குச்சியைக் கையில் எடுத்துவிட ஆசை. மார்ட்டன் பாம் என்ற வரி வழக்கறிஞர் கணக்குப் போட்டுக் கொடுக்க, 1943 டிசம்பரில் அந்தக் கட்டடம் 'சிட்டி சென்டர்' ஆனது. அதற்குள்தான் நியூயார்க் சிட்டி ஓபரா பிறந்தது.

1944 பிப்ரவரி 21 அன்று முதல் ஆட்டம், புச்சினியின் 'டோஸ்கா'. டிக்கெட் 85 சென்ட்டில் தொடங்கியது. எவ்வளவு நல்ல இருக்கையானாலும் 2 டாலர் 20 சென்ட்டுக்கு மேல் இல்லை. இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கம்பெனியின் ஜாதகம் இதில்தான் இருக்கிறது.

ஓபரா என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி மைக் இல்லாமல் பாடினார்களே, அதே சங்கதிதான். வசனத்தையும் பெரும்பாலும் பாட்டாகவே பாடுவார்கள், மேடைக்கு முன்னால் பள்ளத்தில் ஒரு பெரிய வாத்தியக் குழு உட்கார்ந்திருக்கும். நம் ஊரில் தரை டிக்கெட் வாங்கியவனுக்காகத்தான் நாடகமே நடந்தது. நியூயார்க்கில் அப்படி இல்லை. பிராட்வேயில் இருந்த மெட்ரோபாலிடன் ஓபரா 1883இல் புதுப் பணக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. அங்கே பெட்டி போன்ற தனி மாடங்களில் உட்கார்ந்திருக்கும் சீமாட்டிகளின் நகைகளைப் பார்த்து அந்த வரிசைக்கே 'வைர லாடம்' என்று பெயர் வந்துவிட்டது. லாகார்டியா தன் கம்பெனிக்கு 'மக்கள் ஓபரா' என்று பெயர் சூட்டினார்.

அரசியல்வாதி வைக்கிற பெயர்தானே என்று நினைக்கத் தோன்றும். முதல் இயக்குநர் லாஸ்லோ ஹலாஸ் அதை நிஜமாக்கினார். 1945இல் டாட் டங்கன் என்ற கறுப்பினப் பாடகரை 'பாலியாச்சி'யில் டோனியோ வேடத்தில் நிறுத்தினார். அடுத்த ஆண்டு கறுப்பினப் பாடகி கமில்லா வில்லியம்ஸ் 'மேடம் பட்டர்ஃபிளை' ஆனார். மெட்ரோபாலிடன் மேடையில் முதல் கறுப்பினப் பாடகியாக மரியன் ஆண்டர்சன் ஏறுவதற்கு 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1949இல் வில்லியம் கிராண்ட் ஸ்டில் எழுதிய 'டிரபிள்டு ஐலண்ட்' இங்கே அரங்கேறியது. கறுப்பின இசையமைப்பாளர் ஒருவரின் ஓபராவை அமெரிக்காவின் பெரிய கம்பெனி ஒன்று போட்டது அதுவே முதல் முறை. காசு இல்லாத கம்பெனிக்கு இழக்க ஒன்றுமில்லை என்பதால் வந்த துணிச்சல் இது என்று எனக்குத் தோன்றும்.

ஹலாஸை 1951இல் நீக்கினார்கள். அதற்குப் பின் சில ஆண்டுகள் தள்ளாட்டம்தான். 1957இல் ஜூலியஸ் ரூடல் பொறுப்பேற்றார். வியன்னாவில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி வந்து, இதே கம்பெனியில் ஒத்திகைக்குப் பியானோ வாசிக்கச் சேர்ந்த இளைஞர் அவர். அந்த மனிதர் செய்த முதல் பெரிய காரியம், 1958இல் ஒரு சீசன் முழுக்க அமெரிக்கர்கள் எழுதிய ஓபராக்களையே போட்டது. ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுத்தது. அமெரிக்காவில் பிறந்தவர்களைவிட அமெரிக்க இசைமேல் வியன்னாக்காரருக்கு நம்பிக்கை அதிகம் இருந்திருக்கிறது.

1966இல் கம்பெனி வீடு மாறியது. லிங்கன் சென்டரில் புதிதாகக் கட்டியிருந்த ஸ்டேட் தியேட்டருக்குக் குடிபோனார்கள். மெட்ரோபாலிடனும் அதே ஆண்டு செப்டம்பரில் அதே வளாகத்துக்கு வந்து சேர்ந்தது. பெரிய வீட்டுக்காரர் வருவதற்கு ஏழு மாதம் முன்பே சின்ன வீட்டுக்காரர் பால் காய்ச்சிவிட்டார். கிரகப்பிரவேசத்துக்கு 'டோஸ்கா' மாதிரி பழகிய ஓபராவை எடுத்திருக்கலாம். ரூடல் எடுத்தது அர்ஜென்டினாக்காரர் ஜினாஸ்டெராவின் கரடுமுரடான 'டான் ரோட்ரிகோ'. நாயகன் வேடத்தில் அப்போது அதிகம் பேர் அறியாத இளைஞர் பிளாசிடோ டொமிங்கோ. அந்த ஆண்டே செப்டம்பரில் புரூக்ளின் பெண் பெவர்லி சில்ஸ் ஹாண்டலின் 'ஜூலியோ செசாரே'யில் கிளியோபாட்ராவாகப் பாடினார். பலமுறை குரல் தேர்வுக்கு வந்து திரும்பிப்போய், 1955இல்தான் இந்தக் கம்பெனியில் இடம் பிடித்தவர் அவர். அந்த ஒரு இரவில் உலகப் புகழ் வந்தது. எதிர்வீட்டு மெட்ரோபாலிடனின் மேடைக்கு அவர் போக இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆயின.

புது வீட்டில் ஒரு குறை இருந்தது. ஸ்டேட் தியேட்டர் நடன இயக்குநர் பாலன்சினின் குழுவை மனதில் வைத்து பிலிப் ஜான்சன் வரைந்த கட்டடம். நடனம் பார்ப்பவருக்குக் காலடிச் சத்தம் கேட்கக் கூடாது. அதற்கு ஏற்ற அரங்கில் பாடகரின் குரலும் சேர்ந்து அமுங்கியது. முப்பது ஆண்டுகள் தொண்டையால் சமாளித்துப் பார்த்துவிட்டு, 1999இல் ஒலியைத் தூக்கிக்கொடுக்கும் மின்னணுக் கருவிகளைப் பொருத்தினார்கள். மைக் இல்லாமல் பாடுவதையே பெருமையாகக் கொண்ட உலகத்தில் இது பெரிய அவமானமாகப் பேசப்பட்டது.

சில்ஸ் 1979இல் கம்பெனியின் தலைமைக்கு வந்தார், அடுத்த ஆண்டு பாடுவதை நிறுத்திக்கொண்டார். 1983இல் அவர் செய்த ஒரு காரியம் ஓபரா பார்க்கும் பழக்கத்தையே மாற்றியது. மேடைக்கு மேலே ஒரு நீளமான திரை. பாடகி பிரெஞ்சில் பாடப் பாட, அதன் ஆங்கிலம் அந்தத் திரையில் வரி வரியாக ஓடும். அமெரிக்கக் கம்பெனிகளில் இதை முதலில் செய்தவர்கள் இவர்கள். தியாகராஜரின் தெலுங்கைப் புரியாமலே தலையாட்டிக் கேட்டுப் பழகிய நமக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. அங்கே தூய்மைவாதிகள் கொதித்தார்கள். எட்டு அணாவுக்கு வருகிறவனுக்கும் கதை தெரியட்டும் என்பதே சில்ஸின் எண்ணம். மெட்ரோபாலிடன் 1995இல் ஒவ்வொரு இருக்கையின் முதுகிலும் சின்னத் திரை வைத்து அதே வழிக்கு வந்தது.

1985 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் பசேக் நகரில் கிடங்கு தீப்பிடித்தது. 74 ஓபராக்களுக்கான சுமார் 10,000 உடைகள் சாம்பல். நாடகக் கம்பெனிக்கு உடைப்பெட்டி என்றால் என்ன என்று நம் பழைய நடிகர்களைக் கேட்டால் தெரியும். சில்ஸ் ஊர் ஊராகப் பணம் திரட்டி மீட்டார். மறு ஆண்டே கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸைப் பற்றி ஆண்டனி டேவிஸ் எழுதிய ஓபராவை அரங்கேற்றினார்கள். மெட்ரோபாலிடன் அதே ஓபராவை 2023இல் போட்டது.

கம்பெனியைச் சாய்த்தது தீ இல்லை, அதன் நிர்வாக வாரியம். எதிர்வீட்டைப் பார்த்து வந்த ஆசை. 2007இல் பாரிஸ் ஓபராவை நடத்திய ஜெரார்ட் மோர்ட்டியேவைப் புதுத் தலைவராக அறிவித்தார்கள். அவர் 6 கோடி டாலர் பட்ஜெட் எதிர்பார்த்தார். வாரியம் 3.6 கோடிதான் என்றது. 2008 நவம்பரில், பொறுப்பேற்காமலே அவர் விலகினார். அவர் இங்கே போடுவதற்காகச் சொல்லி எழுதச்செய்த 'பெர்ஃபெக்ட் அமெரிக்கன்', 'புரோக்பேக் மவுன்டன்' இரண்டும் பிறகு மாட்ரிட்டில் அரங்கேறின. அதற்குள் அரங்கைப் புதுப்பிக்கிறோம் என்று ஒரு சீசன் முழுக்க ஓபரா இல்லாமல் கதவை மூடியாகிவிட்டது. வரும்படி இல்லை, சம்பளம் நிற்கவில்லை.

கோயில் கட்டளை போல இந்தக் கம்பெனிக்கும் ஒரு வைப்பு நிதி இருந்தது. முதலைத் தொடாமல் வரும்படியை மட்டும் எடுத்துச் செலவிட வேண்டும். நீதிமன்றத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு அந்த முதலில் கைவைத்தார்கள். எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லைக் குத்தாதவன்தான் அடுத்த வருஷம் விதைப்பான். 2011இல் லிங்கன் சென்டர் வாடகையே கட்டுப்படியாகவில்லை. ஊருக்குள் இடம் தேடி அலையும் கம்பெனி ஆனார்கள். வாத்தியக்காரர்களும் கோரஸ்காரர்களும் வாரக் கணக்கில் உறுதியாக இருந்த வேலையை இழந்தார்கள். தப்புக் கணக்கு போட்டவர்களைவிட வயலின் வாசித்தவர்கள்தான் அதிகம் கொடுத்தார்கள்.

2013 செப்டம்பருக்குள் 70 லட்சம் டாலர் வேண்டும் என்று அறிவித்தார்கள். அதில் 10 லட்சத்தை இணையத்தில் பொதுமக்களிடம் கேட்டார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மொத்தம் சுமார் 3 லட்சம் டாலர் தர முன்வந்தார்கள். பழைய தரை டிக்கெட்காரர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். செப்டம்பர் 28 அன்று புரூக்ளினில் கடைசி ஆட்டம், 'அன்னா நிக்கோல்'. அக்டோபர் 3 அன்று திவால் மனு.

2016 ஜனவரியில் மைக்கேல் கபாசோ என்பவரின் கையில் அந்தப் பெயர் மறுபடி உயிர் பெற்றது. போட்டது 'டோஸ்கா'வையேதான். 1900இல் ரோமில் முதல்முறை ஆடியபோது ஹோகன்ஸ்டைன் என்பவர் வரைந்த காட்சிகளைப் பார்த்து அதேபோல் திரைச்சீலைகள் எழுதியிருந்தார்கள். பழைய கம்பெனியின் பருமன் இதற்கு இல்லை.

கோடைக் காலத்தில் பிரையன்ட் பார்க் புல்வெளியில் இந்தக் கம்பெனிக்காரர்கள் பாடியிருக்கிறார்கள். அலுவலகம் விட்டு வருகிறவர்கள் புல்லில் துணியை விரித்து உட்கார்ந்து கேட்பார்கள். டிக்கெட் கிடையாது.